மூன்றாம் எண்

ஜனவரி 8

முதலாம் எண்ணுக்கு இரண்டாம் எண் எழுதிக்கொள்வது.

நீங்கள் அக்காவா ஆன்ட்டியா என்று தெரியாது. அக்கா என்று போட்டதற்காக யாரும் கோபித்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. ஆகவே, அக்கா.

நாடு முழுக்கச் சலித்துப் பார்த்ததில் இந்த நோய் நம் இரண்டு பேருக்குத்தான் இருக்கிறதாம். படிப்பில் எட்டாத இரண்டாம் ரேங்க் எனக்குப் படுப்பதில் கிடைத்துவிட்டது. இதை அம்மாவிடம் சொன்னேன். "இதுலயுமா உனக்கு விளையாட்டு?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய் வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தாள்.

எனக்குப் பதினாறு வயது. பதின்மூன்றில் இடது கால் விறைத்தது, இப்போது வலது காலும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. நடை காம்பஸ் மாதிரி. ஒரு கால் குத்தி நிற்கும், இன்னொன்று வட்டம் போடும். நோயாளி என்றால் நோயை ஆள்கிறவள் என்று நினைத்திருந்தேன். ஆள்வது அதுதானாம். எனக்கு நாற்காலி மட்டும் தருவார்களாம், அதுவும் சக்கரம் வைத்தது.

போன வாரம் அபூர்வ நோய்ச் சிகிச்சை வலையமைப்பு அலுவலகத்துக்குப் போனோம். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. நடக்க முடியாதவர்களுக்கான அலுவலகத்தை அங்கே வைத்தவர் யாரோ, எனக்குக் குரு. கதவில் 'ஒருங்கிணைப்பாளர்' என்று பலகை. உள்ளே ஒரு மேடம் காகிதங்களை ஸ்டேப்ளரால் ஒருங்கே இணைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் விதியைச் சொன்னார்.

"ஒரு நோய்க்கு மூணு பேராவது இருந்தாத்தாம்மா குழு. குழு இருந்தாத்தான் நிபுணர். நிபுணர் கையெழுத்து போட்டாத்தான் மருந்து."

"ரெண்டு பேர் இருந்தா?"

"காத்திருப்போர் பெட்டி."

அது நிஜமாகவே ஒரு அட்டைப்பெட்டி. அடியில் உங்கள் ஃபைல், மேலே என் ஃபைல். உங்கள் மேல் ஏறிப் படுத்ததற்கு மன்னிக்கவும்.

உறுப்பினர்கள் பெயர் சொல்லாமல், எண்ணை மட்டும் போட்டு, அலுவலகம் வழியாகக் கடிதம் எழுதிக்கொள்ளலாம், பிரிக்க மாட்டோம் என்றார்கள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
வாலு

பி.கு.: பெயர்க் காரணம். எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இல்லாத ஒரு பையனைச் சேர்த்துவிட்டேன். மூன்று மாதம் யார் யாரோ அவனுக்காக 'உள்ளேன் ஐயா' சொன்னார்கள். கணக்குப் பரீட்சையில் அவன் பாஸ், நான் ஃபெயில்.

*

ஜனவரி 27

இரண்டாம் எண்ணுக்கு,

அக்கா என்றே போடு. எனக்கு நாற்பத்து மூன்று. தையல் கடை வைத்திருக்கிறேன். நான்கு மெஷின், இரண்டு பெண்கள். வெட்டுவது மட்டும் நான். வலது கட்டைவிரல் மடங்காது. மற்ற நான்கு விரலால் கத்திரியைப் பிடித்து வெட்டுகிறேன். ஒன்பது வருடமாக இப்படித்தான்.

உன் கடிதத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இரண்டு தரம் தேடினேன். ஓரிடத்தில் கிடைத்தது. எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், தலைக்கு ஏறிவிடும்.

போன் செய்யலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய். வேண்டாம். என் பேச்சு வழுக்குகிறது. குடித்திருக்கிறேன் என்று வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள்.

வாரா வாரம் நிரப்பி அனுப்பச் சொல்லும் குறிப்பேட்டில் ஆறு கேள்வி இருக்கிறதே, ஆறுக்கும் 'பரவாயில்லை' என்றுதான் எழுதுகிறேன். துணியின் நல்ல பக்கத்தைத்தான் வெளியே காட்டுவோம். பிசிறும் முடிச்சும் உள்ளே இருக்க வேண்டியவை.

நீ ஆள் இல்லை, எண். ஆகவே உன்னிடம் சொல்லலாம். தண்ணீர் இறங்குவதில்லை. ஒரு ஸ்பூன் எடுத்து இடது கன்னத்தில் ஒதுக்கி, தாடையைத் தோளில் அழுத்தி, மூன்று வரை எண்ணி விழுங்குகிறேன். ஒரு டம்ளருக்கு முக்கால் மணி நேரம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. உனக்கு அந்தக் கட்டம் வரும்போது உதவும், வைத்துக்கொள்.

முதலாம் எண்

*

பிப்ரவரி 14

கத்திரி அக்காவுக்கு,

(பெயர் சூட்டிவிட்டேன். பிடிக்காவிட்டால் வெட்டிவிடுங்கள்.)

மூன்றாம் எண் கிடைத்துவிட்டது. ஏழு வயதுப் பெண் குழந்தை, கூப்பிடுவது குட்டி. எங்கள் ஊர்தான். என் அம்மா வரவேற்பு மேஜையில் உட்காரும் கிளினிக்கில்தான் வைத்தியம். ஃபைல் போய்ச் சேர்ந்த நான்காம் நாளே ஸ்டேப்ளர் மேடம் குழு திறந்துவிட்டார். பெட்டியில் கிடந்த நாம் இப்போது அலமாரியில் நிற்கிறோம், அக்கா. நிற்பதற்கு எனக்கு வேறு வழி ஏது?

நிபுணர் வருகிறார். ஐந்து ஆஸ்பத்திரி டாக்டர்கள் மாதம் ஒரு தரம் திரையில் கூடிப் பேசுவார்கள். மருந்துக்கு எழுதியிருக்கிறார்கள். போனதைத் திருப்பாது, இருப்பதைப் பிடித்து நிறுத்தும். இரண்டு வாரத்துக்கு ஒரு டிரிப். ஒரே சிக்கல், கம்பெனி முதல் வருடத்துக்கு ஒரே ஒரு ஆளுக்குத்தான் தருமாம். யாருக்கு என்பதைக் குறிப்பேட்டைப் பார்த்து ஏப்ரலில் முடிவு செய்வார்கள்.

ஆகவே, தயவுசெய்து, துணியைத் திருப்பிப் பிடியுங்கள். ஆறு கேள்விக்கும் உள்ளதை எழுதுங்கள்.

வாலு

*

மார்ச் 3

வாலு,

ஏழு வயதா. செய்தி வந்த அன்று இரண்டு பிளவுஸைத் தப்பாக வெட்டிவிட்டேன்.

குறிப்பேட்டில் என்ன எழுத வேண்டும் என்று நீ எனக்குச் சொல்ல வேண்டாம். பச்சைக் குழந்தையோடு போட்டி போட்டு 'எனக்குத் தொண்டை போச்சு, எனக்குக் கொடு' என்று எழுத என் கை இன்னும் அவ்வளவு விறைக்கவில்லை.

அதன் அளவு வேண்டும். மார்பு, இடுப்பு, தோள், உயரம். கால் விறைத்த குழந்தைக்குக் கவுன் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அதன் அம்மாவுக்கு இப்போதுதான் தெரிந்துகொண்டிருக்கும். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி, பொத்தான் இல்லாமல், ஒட்டும் பட்டி வைத்துத் தைக்கிறேன். படுக்கவைத்தபடியே மாட்டிவிடலாம். டேப்பைத் தளரப் பிடிக்காதே.

முதலாம் எண்

*

மார்ச் 20

அக்கா,

மார்பு இருபத்து மூன்று, இடுப்பு இருபத்திரண்டு, தோள் ஒன்பதரை, கவுன் உயரம் இருபத்தாறு. அளக்கும்போது கூச்சத்தில் நெளிந்தாள். டேப்பைத் தளர விடவில்லை.

நிஜமாகவே தைக்க வேண்டுமா? விரலுக்கு ஓய்வு கொடுக்கலாமே. அவளிடம் கவுன் நிறைய இருக்கிறது. குறிப்பேட்டை மட்டும் கொஞ்சம் பாருங்கள். கெஞ்சுகிறேன் அக்கா. நான் கெஞ்சுவது அபூர்வ நோயைவிட அபூர்வம்.

வாலு

*

ஏப்ரல் 12

வாலு,

கவுன் போய்ச் சேர்ந்திருக்கும். வெட்டியதும் தைத்ததும் நானே. பதினேழு நாள் ஆனது. கடையில் இருக்கும் பெண்கள் கைவைக்க வந்தார்கள், விடவில்லை.

முடிவு வந்துவிட்டது. முதலிடம் மூன்றாம் எண், ஃபைல் பழையது என்பதால் இரண்டாவது நான், மூன்றாவது நீ. எனக்குக் குறையில்லை. குழந்தைதானே. அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டுப் படுத்தேன், அவ்வளவுதான்.

முடிவோடு குழுக் கூட்டத்தின் குறிப்பும் வந்தது. மூன்றாம் எண்ணின் குறிப்பேட்டிலிருந்து நான்கு வரி எடுத்துப் போட்டிருக்கிறார்கள், ஏன் அவளுக்கு முதலிடம் என்று நமக்குப் புரிவதற்காக. "குழந்தை ஒரு ஸ்பூன் தண்ணீரை இடது கன்னத்தில் ஒதுக்கி, தாடையைத் தோளில் அழுத்தி, மூன்று எண்ணி விழுங்குகிறாள். ஒரு டம்ளருக்கு முக்கால் மணி நேரம்."

இடது கன்னம் ஏன் தெரியுமா? எனக்கு வலது பக்கம் கடைவாய்ப் பல் இரண்டு இல்லை, அங்கே தண்ணீர் நிற்காது.

ஏழு வயதுக் குழந்தைக்கு என்ன காரணம்?

உன் பதில் வரும்வரை நான் எதுவும் நினைக்கப் போவதில்லை.

முதலாம் எண்

*

ஏப்ரல் 19

அக்கா,

இதை அலுவலகம் வழியாக அனுப்பவில்லை. கவுனின் கழுத்துப் பட்டியில் உங்கள் கடைப் பெயரும் தெருவும் தைத்திருந்தது. அது என் கையில் இருக்கிறது என்பதிலேயே உங்களுக்குப் பாதி தெரிந்திருக்கும்.

குட்டி இல்லை. எங்கேயும் இல்லை. என் ரிப்போர்ட்டை நகல் எடுத்து, வயதின் மேல் வெள்ளை மை தடவி ஏழு என்று எழுதினேன். அம்மா மேஜையில் கிளினிக் முத்திரை இருந்தது. டாக்டர் கையெழுத்தைப் போடுவது சுலபம், அவருக்கே அது ஒவ்வொரு தரமும் வேறு மாதிரி வரும். பள்ளி விட்டு வந்து கிளினிக் தபாலைப் பிரித்து அடுக்குவது நான்தான், ஆகவே அலுவலகம் குட்டிக்கு அனுப்பியதெல்லாம் என்னிடமே வந்தது.

மூன்று பேர் வேண்டும் என்றார்கள், மூன்று பேர் கொடுத்தேன். அவ்வளவுதான் திட்டம். குட்டி ஓரமாக உட்கார்ந்திருப்பாள், மருந்து உங்களுக்கு வரும், பிறகு எனக்கு வரும் என்று நினைத்தேன். அப்புறம் வாரா வாரம் அவளுக்கும் குறிப்பேடு எழுத வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்தது கால் மட்டும்தான். தொண்டையைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். உங்கள் கடிதத்தை எதிரே வைத்துக்கொண்டு எழுதினேன். நன்றாக வந்தது. நன்றாக வந்ததால் இன்னும் கொஞ்சம் எழுதினேன்.

அதாவது, உங்களை வைத்தே உங்களைத் தோற்கடித்துவிட்டேன்.

அலுவலகத்தில் போய்ச் சொல்லத் தயார். சொன்னால் மறுபடி இரண்டு பேர், குழு கலையும், மருந்து திரும்பிப் போகும். சொல்லாவிட்டால் மருந்து குட்டிக்காகக் காத்திருக்கும். முதல் டிரிப் மே பத்தாம் தேதி. நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

வாலு

*

ஏப்ரல் 28

அந்தக் கவுனுக்கு நான் செலவழித்தது பதினேழு நாள். என் வலது ஆள்காட்டி விரல் கடைசியாக மடங்கியது அதன் கை மடிப்பைத் தைத்தபோதுதான். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். வேறு எதற்கும் அல்ல, தெரிந்துகொள்ள மட்டும்.

உன்னைத் திட்ட இந்தத் தாள் போதாது, திட்டி முடிக்க என் கையும் போதாது. வேலைக்கு வருகிறேன்.

குழந்தையைச் சாகடி.

நான் அலுவலகத்துக்கு ஆளனுப்பி விதிப்புத்தகத்தை வாங்கிவரச் செய்தேன். குழுவில் ஒருவர் இறந்தால் இடம் அடுத்தவருக்குப் போகும். இறந்தவர் பெயர் ஆண்டு முடியும்வரை எண்ணிக்கையில் இருக்கும், குழு கலையாது. அடுத்தவர் நான். டிசம்பருக்குள் நிஜமான மூன்றாவது ஆள் வந்தால் வரட்டும், வராவிட்டால் அதுவரைக்குமாவது மருந்து ஏறும்.

எப்படி எழுத வேண்டும் என்றும் சொல்கிறேன். ஒரே வரி. 'காய்ச்சலில் குழந்தை இறந்துவிட்டது, நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார்.' கீழே அப்பா என்று ஒரு கிறுக்கல். அதே முத்திரை. இதற்கு மேல் ஒரு நூல்கூட நீளக் கூடாது. நீளம் போனால் சுருக்கம் விழும்.

இல்லாத ஒன்றைக் கொல்ல உனக்கு என்ன வலிக்கப் போகிறது?

*

மே 15

அக்கா,

கொன்றுவிட்டேன்.

ஒரே வரிதான் முதலில் எழுதினேன். படித்துப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள் போல இருந்தது. பெற்ற அப்பா ஒரே வரியா எழுதுவார்? குட்டிக்கு மூன்று மாதம் குறிப்பேடு எழுதியிருக்கிறேன் அக்கா. அவளுக்குக் கூச்சம் எங்கே வரும் என்றுகூட எனக்குத் தெரியும். காய்ச்சல் என்று முடிக்க மனசு வரவில்லை. இரண்டு பக்கம் ஆகிவிட்டது. தண்ணீர் கேட்டாள், ஸ்பூனில் கொடுத்தேன், கன்னத்தில் ஒதுக்கினாள், இரண்டு வரை எண்ணினாள் என்று எழுதினேன். மூன்று எழுதவில்லை.

ஸ்டேப்ளர் மேடம் கிளினிக்குக்கு போன் செய்தார். எடுத்தது நான். "குழந்தையோட அப்பாகிட்ட சொல்லும்மா, கூட்டத்துல எல்லாரும் எழுந்து நின்னோம்னு. பெரிய டாக்டர் பேச முடியாம திரையை அணைச்சிட்டார்."

சரி மேடம் என்றேன். பிறகு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "காய்ச்சல்னா அடுத்த ஆளுக்கு உடனே ஆரம்பிச்சிருப்போம். இது நோயாலேயே நடந்திருக்கு. விழுங்குறது போனதுக்கப்புறம் இவ்வளவு சீக்கிரமா முடியும்னு எங்களுக்கே தெரியாது. மூணு மாசம் எல்லாத்தையும் நிறுத்தி வச்சு ஆராயணும்னு முடிவு."

மூன்று மாதம்.

என்னிடம் ஜோக் எதுவும் இல்லை.

வாலு

*

மே 30

ஒரே வரி என்றேன்.

உன் எழுத்து யாரையாவது அழவைக்க வேண்டும் உனக்கு. அழுதுவிட்டார்கள். திருப்தியா?

வாயை மூடிக்கொண்டு இரு. இப்போது உண்மையைச் சொன்னால் உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆகஸ்ட் வரை இருப்பேன். உன் குழந்தை செத்த விதத்தைப் படித்த பிறகு எனக்குத் தண்ணீர் ஸ்பூனைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. இரண்டு என்று எண்ணியதும் துப்பிவிடுகிறேன். நான் சொல்லிக்கொடுத்த வித்தையாலேயே என்னைப் பயமுறுத்திவிட்டாய்.

இந்த வாரம் குறிப்பேட்டில் முதல் தடவையாக உள்ளதை எழுதினேன். தொண்டை, எச்சில், கன்னம், பேச்சு, எல்லாம். ஆறு கேள்விக்கும் தாள் போதவில்லை, பின்பக்கமும் எழுதினேன். நீ கேட்டதுதானே.

எழுதிவிட்டு ஏதோ லேசாக இருந்தது. அதற்காக உனக்கு நன்றி சொல்ல மாட்டேன்.

*

ஆகஸ்ட் 21

அக்கா,

இதை எழுத ஆறு நாள் தள்ளிப்போட்டேன்.

ஆராய்ந்து முடித்துவிட்டார்கள். மூன்றாம் எண்ணின் மரணத்திலிருந்து கற்றுக்கொண்டது என்று தலைப்புப் போட்டு ஒரு புது விதி. விழுங்கும் சக்தி குறைந்துவிட்டவர்களுக்கு இந்த மருந்து ஆரம்பிக்கப்பட மாட்டாது. ஆரம்பித்தாலும் வாரக்கணக்கில்தான் இருப்பார்கள், இருக்கிற மருந்து வீணாகும். காரணம் அவ்வளவுதான்.

உங்கள் மே மாதக் குறிப்பேட்டை வைத்து உங்களை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஏப்ரல் வரை எல்லாக் கேள்விக்கும் நன்றாக இருந்தவர் திடீரென்று இவ்வளவு மோசமாகிவிட்டார் என்று பெரிய டாக்டர் வருத்தப்பட்டாராம். நீங்கள் பழையபடியே பொய் எழுதியிருந்தால் கிடைத்திருக்கும். என் பேச்சைக் கேட்டதால் போச்சு.

இடம் எனக்கு வந்தது. பதினைந்தாம் தேதி முதல் டிரிப் ஏறிவிட்டது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லப் போகிறேன், சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். அம்மா நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வலது காலில் ஆடிக்கொண்டிருந்த கட்டைவிரல் இன்றைக்கும் ஆடுகிறது. அதை மணிக்கொரு தரம் ஆட்டிப் பார்க்கிறேன்.

*

செப்டம்பர் 6

வாலு,

பென்சிலைக் கைக்குள் வைத்து நாடாவால் கட்டி எழுதுகிறேன். கோணலாக இருந்தால் படித்துக்கொள்.

ஸ்டேப்ளர் மேடம் கடைக்கே வந்தார். நீக்கியதற்கு ஆறுதல் சொல்ல. போகும்போது ஒரு நல்ல செய்தி என்று சொன்னார், நிஜமாகவே எனக்கு நல்லது என்று நினைத்து. நான்காம் எண் வந்திருக்கிறதாம். முப்பது வயது, லாரி ஓட்டுகிறவர், இரண்டு கையும் விறைத்திருக்கிறது, தொண்டைக்கு ஒன்றும் இல்லை. அவரே நேரில் பார்த்துப் பேசினாராம்.

எண்ணிப் பார். நான், நீ, லாரிக்காரர். நிஜ ஆள் மூன்று. இனி உண்மை சொன்னால் குழு கலையாது. குழந்தை பொய் என்றால் அதன் சாவும் பொய், சாவிலிருந்து பிறந்த விதியும் பொய். எனக்கு வழி திறக்கும்.

உனக்கு என்ன ஆகும் என்றும் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. பொய் ஃபைல் கொடுத்தவர் இரண்டு வருடம் பட்டியலின் அடியில். டிரிப் நிற்கும். முத்திரை உன் அம்மா மேஜையில் இருந்தது. அவர்கள் வேலை போகும்.

இதையெல்லாம் நான் சொல்லாமல் உன்னைச் சொல்லவைக்க முடியும். ஆனால் விலையைச் சொல்லாமல் துணி விற்கிற பழக்கம் எனக்கு இல்லை.

எழுது.

*

செப்டம்பர் 24

அன்புள்ள அக்கா,

எழுதிவிட்டேன். இதோடு இருக்கிறது. உறை ஒட்டவில்லை, படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். முத்திரை, வெள்ளை மை, கவுன், இரண்டு பக்கச் சாவு, ஒன்றையும் விடவில்லை. அழகாக எழுதவில்லை. கீழே என் எண்ணோடு பெயரும் போட்டிருக்கிறேன். முகவரியும் எழுதியாயிற்று, தபால்தலை மட்டும் ஒட்டவில்லை.

பன்னிரண்டாம் தேதி மூன்றாவது டிரிப். போகும் வழியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தேன். "கிளினிக்ல எனக்குப் புது நாற்காலி போட்டிருக்காங்கடி, முதுகு வலியே இல்ல" என்றாள். மூடிக்கொண்டேன்.

நானே பெட்டியில் போட நான்கு தடவை போனேன். தெரு முனைவரைக்கும் வட்டம் போட்டுப் போய் வட்டம் போட்டுத் திரும்பினேன். என் கையால் ஆகவில்லை. அதனால் உங்களுக்கே அனுப்புகிறேன். போடுவதும் கிழிப்பதும் உங்கள் இஷ்டம். நீங்கள் எதைச் செய்தாலும் அது நியாயம் என்று எடுத்துக்கொள்வேன். உங்களுக்கு என்னைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று யோசித்தேன். நல்லவேளை, நாம் பார்த்துக்கொண்டதே இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாலு

*

அக்டோபர் 9

வாலு,

ஐந்து நாளாக எழுதுகிறேன், நாளுக்கு நான்கு வரி.

உன் உறை வந்தபோது கடைப் பெண்களை வெளியே அனுப்பிவிட்டுப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். பிசிறு இல்லை. அதை ஏன் என்னிடம் அனுப்பினாய் என்று முதல் நாளே புரிந்துவிட்டது. நான் கிழித்துவிடுவேன் என்று நம்பினாய். நாற்பத்து மூன்று வயதுக்காரி பதினாறு வயதுப் பெண்ணின் காலைப் பார்ப்பாளா, தன் தொண்டையைப் பார்ப்பாளா, பெரியவள் ஆயிற்றே என்று கணக்குப் போட்டாய். அம்மாவின் நாற்காலியையும் சேர்த்து எழுதினாய். உண்மையைச் சொன்ன பெயரும் உனக்கு, மருந்தும் உனக்கு. நீ செய்ததிலேயே கெட்டிக்காரத்தனம் இதுதான். கோபம் வரவில்லை. உன் வயதில் நானும் இதைத்தான் செய்திருப்பேன்.

கிழிக்கத்தான் நினைத்தேன். நான்கு நாள் அது வெட்டு மேஜையில் கிடந்தது. உன் அம்மாவை நினைத்தேன். ஆடுகிற அந்தக் கட்டைவிரலை நினைத்தேன். இரண்டு முறை எடுத்துப் பிடித்தேன், கிழிக்கக் கை மடங்கவில்லை, கடைப் பெண்ணைக் கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும். அதனால் தள்ளிப்போட்டேன்.

ஐந்தாம் நாள் காலை என் எச்சிலே எனக்கு இறங்கவில்லை. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு வந்ததும் செய்த முதல் வேலை, தபால்தலையை நாக்கில் வைக்க முடியாமல் ஈரத் துணியில் தடவி ஒட்டியது. பெட்டிவரைக்கும் நானே நடந்து போய்ப் போட்டேன். விழுந்த சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றேன்.

வியாழக்கிழமை அலுவலகத்துக்கு வரச் சொல்லி எனக்குத் தகவல் வந்துவிட்டது. உனக்கும் வந்திருக்கும், உன் அம்மாவுக்கும். லாரிக்காரர் எனக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொன்னாராம். வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை.

யாரைக் கேட்டாலும் நான் கிழித்திருக்க வேண்டும் என்பார்கள். அவர்கள் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொல்வார்கள்.

இனி எனக்கு எழுதாதே. எழுதினால் படித்துவிடுவேன்.